ஒரு தலை கூடுதல்

முதலில் அவர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, மலைக்கடியில் கிடந்த தங்கத்தைத் தோண்ட ஆள் வேண்டுமென்று ஆற்காட்டுப் பக்கத்துச் சேரிகளிலிருந்து சனங்களை ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு, வந்தவர்களின் பேரை வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, வரதப்பனைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டு, அவன் சாகவில்லை, ஓடிப்போனான் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு, வரதப்பன் மகள் போட்ட கணக்கை எடுத்து அதன் தலையில் வேறொருவர் பேரை ஒட்டினார்கள். கடைசியில் அவளையே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வரிசையில் ஒன்றை முன்பின்னாக மாற்றிச் சொன்னாலும் தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிடும். "வரிசையைக் கலைச்சா எல்லாம் தலையெழுத்துன்னு ஆயிடும்டா. வரிசையாச் சொன்னாத்தான் எவன் செஞ்சான்னு தெரியும்" என்பார். பொன்மேட்டுச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் வாழ்நாள் முழுக்கப் பேர் வாசித்தவர் அவர், போலீஸ் அடியில் இடது காது போனவர், பள்ளிக்கூடம் போகாமல் துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்தறிந்தவர், வரதப்பனின் மகன், அந்தப் பெண்ணின் அண்ணன்.

அவளை எடுத்துக்கொண்ட நாளிலிருந்துதான் பொன்மேட்டில் ஆட்களை எண்ணினால் ஒரு தலை கூடுதலாக வரத் தொடங்கியது.

முதன்முதலில் அது தெரிந்தது குழிவாசலில். கம்பெனி ஆட்களை வில்லை எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அதனால் சங்கம் எந்தக் கூட்டத்தையும் பேரைச் சொல்லித்தான் தொடங்கும். தணிகாசலம் ஒரு பேரை வாசிப்பார், அந்தப் பேருக்குரியவர் "இருக்கேன்" என்பார். குழிக்குள் போய்த் திரும்பாதவர்களின் பேரை வாசித்தால் கூட்டம் முழுவதும் "இருக்கார்" என்று சொல்லும். பிறகு ஒருவர் நடந்துபோய்த் தலைகளை எண்ணிவருவார். அன்று எண்ணியவர் டீக்கடை தாவூத். "இருக்கேன்" என்ற பேர்களைவிட ஒரு தலை கூடுதல் என்றார். போலீஸ்காரன் எவனோ புகுந்துவிட்டான் என்று எல்லோரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த முகமெல்லாம் தெரிந்த முகமாகவே இருந்தது. இன்னொருவர் எண்ணினார், ஒன்று கூடுதல். வரிசையாக உட்காரவைத்து எண்ணினார்கள், ஒன்று கூடுதல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கோரிக்கைகள் நிறைய இருந்தன, ஆகவே தாவூத் ஒரு கிளாஸ் டீயைக் கூடுதலாக ஊற்றிக் குழிவாசல் கட்டைச்சுவர் மேல் வைத்தார், கூட்டம் தொடங்கியது.

அதன்பின் அது ஊர்ப் பழக்கமாயிற்று. கல்யாணப் பந்தியில் ஓர் இலை கூடப் போட்டார்கள். பிள்ளைகள் கபடிக்கு இரண்டு பக்கமாகப் பிரியும்போது ஆள் குறைந்த பக்கத்துக்கு அந்தக் கூடுதல் ஆளைத் தந்தார்கள்; அந்தப் பக்கம் தோற்றால், "உங்காளு சரியாப் புடிக்கல" என்று கேலி செய்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "தலை கீது, டிக்கெட் இல்ல, யாருய்யா அது, எறங்கு" என்று வண்டியை நிறுத்திவிட்டுக் கத்துவார். பின்சீட்டிலிருந்து யாராவது, "அது பாஸ் வெச்சிருக்குது, நீ விசில் ஊது" என்பார்கள். மாதா கோயில் சாமியார் பூசைக்கு வந்த தலைகளை எண்ணிவிட்டு அந்த ஆன்மா தம் சபையைச் சேர்ந்தது என்றார், புத்த சங்கத்துக்காரர்கள் தங்களுடையது என்றார்கள், கங்கையம்மன் கோயில் பூசாரி கேட்கவே வேண்டாம். சிவப்புக்கொடிச் சங்கமும் நீலக்கொடிச் சங்கமும் உறுப்பினர் எண்ணிக்கையில் அதைத் தத்தமக்குச் சேர்த்துக்கொண்டு, அதை வைத்தே ஒரு தேர்தலில் சண்டை போட்டன. மறியலில் பிடிபட்டபோதுதான் சிரமம். லாரியிலிருந்து இறக்கி எண்ணிய இன்ஸ்பெக்டர், பேர் கொடுக்காமல் ஒளிந்திருப்பவன் எவன் என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அடிவாங்கியவர்களில் ஒருவரும் அந்தக் கூடுதல் ஆளைக் குறைசொல்லவில்லை. சிறையில் ஒரு குவளைக் கஞ்சி கூடுதலாகக் கிடைத்தது, அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் அதைத் தன்னுடையது என்று முழுமனதாக நம்பியவர்கள் விதவைகள். பொன்மேட்டில் விதவைகளுக்குக் குறைவில்லை. உடலைப் பார்க்காத விதவைகளே அதிகம். பாறை வெடித்துச் சரிந்தால் கம்பெனி அந்தச் சுரங்கவழியைச் செங்கல் வைத்து அடைத்துவிடும், உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். அந்தப் பெண்கள் கூட்டங்களுக்குத் தலைவாரிப் பூவைத்து வந்தார்கள், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள், எண்ணுகிறவர் தங்களைத் தாண்டும்போது குரல் கொஞ்சம் தயங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். காசியம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து, முந்தானையால் தரையைத் துடைத்து, புருஷனுக்கு இடம் போட்டுவைப்பாள்.

அது யார் என்று முதல் நாளே தெரிந்த ஒரே ஆள் தணிகாசலம். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்கு வரதப்பன் செத்த கதைக்குப் போகவேண்டும். குழியில் இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் வில்லையை எடுத்துக்கொண்டு இறங்குவான், ஏறிவந்ததும் ஆணியில் மாட்டுவான். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். தொடர்ந்து வராதவனுடைய வில்லையைக் கம்பெனி பிடுங்கிக்கொள்ளும், குடியிருக்கக் கொடுத்த லைன்வீட்டையும் பிடுங்கிக்கொள்ளும். அதனால் ஒருவன் நெஞ்சுச்சளியில் படுத்துவிட்டால் இன்னொருவன் அவனுடைய வில்லையை மாட்டிக்கொண்டு இறங்குவான். அதற்குப் பதிலி போவது என்று பேர். அன்று குப்புலிங்கம் படுத்திருந்தான், வரதப்பன் அவனுக்குப் பதிலி போனார், பாறை சரிந்தது. பலகையைப் பார்த்துக் கம்பெனி எழுதியது: குப்புலிங்கம் இறந்தான், வரதப்பனின் வில்லை ஆணியிலேயே தொங்குகிறது, ஆகவே அவன் வேலையை விட்டு ஓடிப்போனான். உயிரோடிருந்த குப்புலிங்கம் காகிதத்தில் செத்தான், செத்த வரதப்பன் காகிதத்தில் ஓடிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் அம்மா, தணிகாசலம், தங்கச்சி பாப்பா, மூன்று பேர். அம்மா களி உருண்டை பிடிக்கத் தலையை எண்ணினால் நான்கு வரும். முதலில் கவனித்தது பாப்பாதான். "யம்மா, எண்ணினா நாலு பேரு கீறோம். பார்த்தா மூணு பேருதான்" என்றாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள், நான்காவது உருண்டையைப் பிடித்து வைத்தாள். அந்த வீட்டில் அழுகை நின்றது அன்றுதான்.

பின்பு முதல் வேலைநிறுத்தம் வந்தது. இறந்தவர்களின் பேரைக் குழிவாசலில் வாசிக்கும் உரிமையைச் சங்கம் போராடிப் பெற்றது. மீசை முளைக்காத தணிகாசலம் கட்டைச்சுவர்மேல் ஏறி, சாட்சிகள் முன்னால், தன் அப்பன் ஓடிப்போகவில்லை என்று சொல்லி, பேரை வாசித்தான். மலை எதிரொலிக்க "இருக்கார்" என்றார்கள். அவனைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று அம்மா தலைகளை எண்ணினாள், மூன்று. மறுபடி எண்ணினாள், மூன்று. கையில் களித்துடுப்போடு நின்றபடி, "ஏன்டா வாசிச்ச?" என்று கேட்டாள்.

பாப்பாவும் ஒரு கேள்வி கேட்டாள். "அந்த நாலாவது எங்கண்ணா போச்சு?" மற்றவர்கள் அழுது தீர்த்ததை அவள் வாழ்நாளெல்லாம் கணக்காகப் போட்டாள்.

அடுப்புக்கரியால் தரையில் வட்டம் போடுவாள். நைனா குப்புலிங்கத்துக்குப் பதிலி போனாரு, குப்புலிங்கம் அந்தோணிக்குப் போயிருக்காரு, அந்தோணி இன்னொருத்தருக்கு. எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் நைனாவுக்குப் போனவர்கிட்டதான் வந்து முடியுது. யாரும் வெளியே விழவில்லை. பதிலியெல்லாம் வளையம். ஆனால் வளையத்தில் ஒருவர் செத்தால்? பள்ளிக்கூடத்தில் கேட்டாள், வாத்தியாருக்குத் தெரியவில்லை. உதவித்தொகையில் நகரத்துக்குப் போய்க் கல்லூரியில் கேட்டாள், அங்கேயும் தெரியவில்லை. எம்.ஏ. முடித்துப் பல்கலைக்கழகத்தில் கணக்குத் துறையின் பெரிய பேராசிரியரிடம் உதவியாளாகச் சேர்ந்து கேட்டாள். அவர் சிரித்தார், பின்பு சிரிப்பை நிறுத்தினார், பின்பு கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு முறை சொல் என்றார்.

அந்தப் பேராசிரியரின் பேரைப் பொன்மேட்டில் யாரும் சொல்வதில்லை, அது வேண்டிய இடங்களிலெல்லாம் ஏற்கெனவே செதுக்கப்பட்டிருக்கிறது. அவர் கழற்றாத கோட்டை வைத்து ஊரில் அவருக்குக் கோட்டு என்று பேர்.

அவள் நிரூபித்தது மூன்று. ஒரு கூட்டத்தில் இருப்பவை தமக்குள் எப்படி இடம் மாறிக்கொண்டாலும் அந்த மாற்றம் சராசரியாக எத்தனை வளையமாக உடையும் என்பதை, மாற்றத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பது முதலாவது. அதைக் கோட்டும் அவளும் சேர்ந்து கண்டதாக அச்சிட்டார்கள். வளையத்திலிருந்து ஒன்று தொலைந்தால், மிச்சமிருப்பவை நிற்கும் ஒழுங்கைக்கொண்டே தொலைந்தது எது, எங்கே நின்றது என்று மீட்டுவிடலாம் என்பது இரண்டாவது. அதில் அவள் பேர் அடிக்குறிப்புக்கு இறங்கி, தட்டச்சுக்கு உதவியவர் என்று நன்றி பெற்றது. எவ்வளவு தொலைந்தாலும் மீட்க முடியும், எந்த எல்லைக்குப் பிறகு முடியாது என்று கரை கட்டியது மூன்றாவது. அதுதான் உலகத்தைப் பிடித்தது, அதில் அவள் எங்குமே இல்லை. இன்றைக்கு வானத்திலிருந்து உடைந்து வரும் செய்தியில் விட்டுப்போன எழுத்தைக் கருவி தானே இட்டுக்கொள்வதும், கைபேசியில் பாதி அறுந்த குரல் முழுதாகக் கேட்பதும் அதனால்தான். பொன்மேட்டில் ஒரு கிழவி துபாயிலிருக்கும் மகன் குரலைக் கேட்டு அழுகிறாள் என்றால் அந்தக் குரலை ஒட்டித் தருவது வரதப்பன் மகள்.

அவள் சண்டை போடவில்லை. விடுமுறையில் வந்தபோது தணிகாசலம் குதித்தார். "நான் பத்தாயிரம் நோட்டீஸ் அடிக்கிறேன். அவன் கோட்டை உருவிட்டுத்தான் மறுவேலை."

"நீ அடி அண்ணா. எனக்கு இன்னும் ஒண்ணு மிச்சம் கீது. அதை முடிச்சிட்டு வந்து நானே உனக்குப் பிரதி பார்க்கிறேன். உன் நோட்டீஸ்ல எழுத்துப்பிழை சாஸ்தி."

மிச்சமிருந்தது நான்காவது. மீட்டு எடுத்தது எப்போது மறுபடி தொலைகிறது என்கிற கணக்கு. அதற்குள் காய்ச்சல் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள் பேருக்குப் பதில் பேராசிரியரின் உதவியாள் என்று எழுதிச் சேர்த்தார்கள். அவள் படுக்கை எண்ணாகவே கிடந்து, படுக்கை எண்ணாகவே செத்து, தணிகாசலம் ரயில் பிடித்துப் போய்ச் சேரும்முன் நகராட்சிக்காரர்களால் அடையாளக்கல் இல்லாமல் புதைக்கப்பட்டாள். அவள் உயிர் போன அதே முற்பகலில்தான் குழிவாசலில் தாவூத் எண்ணி, ஒரு தலை கூடுதல் என்றது.

சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள், இறந்தவர்களோடு தங்கச்சி பேரையும் வாசித்துவிடலாமே என்று. தணிகாசலம், "நாம ஏன் வாசிக்கணும்? திருடினவன் வாசிக்கட்டும்" என்றார். வருஷாவருஷம் கோட்டின் பிறந்தநாள் விழாவுக்குப் போய்ப் பல்கலைக்கழக வாசலில் துண்டறிக்கையோடு நின்றார்: இந்த மண்டபத்தில், சாட்சிகள் முன்னால், என் தங்கச்சி பேரை வாசி. காவற்காரர்கள் மாறினார்கள், துணைவேந்தர்கள் மாறினார்கள், கோட்டு செத்துச் சிலையானார், யாரும் வாசிக்கவில்லை. ஊரே அவர் வைராக்கியத்தை மெச்சியது. அந்த வைராக்கியத்துக்கு அடியில் வேறொன்று இருந்ததை அவர் யாரிடமும் காட்டவில்லை. விழாவாசலில் தள்ளப்பட்டு, சட்டை கிழிந்து, ரயிலில் வந்திறங்கி, கடையில் டீ குடிப்பவர்களைக் கண்ணாலேயே எண்ணுவார். ஒரு தலை கூடுதல். பாப்பா இருக்கிறாள். அது போதும் என்று வீட்டுக்குப் போவார். அம்மா போனபின் வீட்டில் தனியாள் அவர், தட்டு இரண்டு.

ஊரெல்லாம் பேர் வாசிக்கச் சொன்ன மனுஷன் ஒரு பேரை மட்டும் நாக்குக்கடியில் வைத்துக்கொண்டே கிழவரானார்.

பின்பு தங்கம் தீர்ந்தது. கம்பெனி குழிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போயிற்று, சனங்கள் லைன்வீடுகளிலேயே இருந்தார்கள். வீட்டைக் காலி செய் என்றார்கள், மாட்டோம் என்று வழக்கு நடந்து, கடைசியில் குடியிருப்பவர்களுக்கே பட்டா என்று உத்தரவு வந்தது. ஒரு நிபந்தனை: குறித்த நாளில் ஊர் முழுவதும் குழிவாசல் மைதானத்தில் கூடவேண்டும், எழுதிக்கொடுத்த பேர்களும் எண்ணிய தலைகளும் ஒன்றாக இருக்கவேண்டும். வெளியாட்களைப் புகுத்தி வீடு வாங்குகிறார்கள் என்று மேலிடத்துக்கு யாரோ மொட்டை மனு போட்டிருந்தார்கள்.

எண்ண வந்த அதிகாரி நவீன் என்ற இளைஞன், இன்ஜினியரிங் படித்தவன். காலையில் எண்ணினான், ஒரு தலை கூடுதல். கயிறு கட்டி ஒவ்வொருவராக விட்டு எண்ணினான், ஒன்று கூடுதல்.

"ஐயா, தயவுசெஞ்சு அந்த ஒருத்தரை வெளியே போகச் சொல்லுங்க. இல்ல பேரைக் கொடுங்க. இன்னைக்குக் கணக்கு நேராகலைன்னா கோப்பு திரும்பிப் போயிடும். அடுத்தது இடிக்கிற வண்டிதான் வரும். நான் மிரட்டல, கெஞ்சறேன்."

"அது எங்காளு சார்" என்றாள் தாவூத்தின் மகள் ரஹ்மத், இப்போது கடை அவளுடையது. "ரொம்ப நாளா கீது. ஒண்ணும் செய்யாது."

"பேர் என்னம்மா?"

விதவைகள் பேசினார்கள். ஒவ்வொருத்தியும் தன் புருஷன் பேரைச் சொன்னாள். நவீன் எழுதினான், அது இறந்தவர் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதைக் கண்டு அடித்தான், எண்ணினான், ஒன்று கூடுதல். அடுத்த பேரை எழுதினான், அடித்தான், எண்ணினான், ஒன்று கூடுதல். அந்தப் பேர்களெல்லாம் எப்போதோ வாசித்து முடிந்தவை. தன் புருஷன் பேர் பயன்படவில்லை என்று கண்டவள் ஒவ்வொருத்தியாகப் பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காசியம்மா மட்டும் சொல்லவில்லை. எழுந்து, கூன்போட்டபடி, தணிகாசலம் உட்கார்ந்திருந்த குழிவாசல் கட்டைச்சுவருக்கு வந்தாள்.

"இன்னும் எத்தினி நாளு தணிகா?"

"எது யக்கா?"

"எங்கிட்டயே மறைக்கிறியா? அது எங்க ஊட்டுக்காரரு இல்லன்னு எனக்கு மொத வருசமே தெரியும். எந்த ஊட்டுக்காரரும் இல்ல."

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

"இருமலையேடா. குழிக்குப் போனவன் எவன்டா இருமாம இருந்தான்? இத்தினி வருசமா பக்கத்துல வந்து உக்காருது, ஒருவாட்டி இருமல. குழிக்குள்ள போவாத ஆளு. இந்த ஊருல குழிக்குப் போவாம, ஆனா குழியையே நெனச்சுக்கினு செத்தது யாரு? பாப்பாதான?"

"தெரிஞ்சுமா யக்கா இடம் தொடச்சி வெச்ச?"

"பொம்பளப் புள்ள வெறுந்தரையிலயா உக்காரும்?"

அவர் அழுதார். காது கேட்காத பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார், தன் அழுகை தனக்கே பாதிதான் கேட்டது. "வாசிச்சா பூடும் யக்கா. நைனா அப்பிடித்தான் போனாரு. அம்மா கேட்டது இன்னும் இந்தக் காதுல கீது. அவனுங்க வாசிச்சு அவ போயிருந்தா, சரி, வாங்க வேண்டியதை வாங்கிக்கினு போனான்னு இருந்திருப்பேன். ஒண்ணுமே வாங்கித் தராம நான் எப்பிடி அனுப்புறது?"

"வூடு வாங்கிக் குடுக்கறாளே, ஊருக்கே. இதுக்கு மேல இன்னா வாங்கணும்?" காசியம்மா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ அவள வெச்சிருக்கல. பேர் இல்லாம நிக்க வெச்சிருக்க. கம்பெனிக்காரன் செஞ்சதும் அதான்."

இந்தச் சொல்லை வேறு யார் சொல்லியிருந்தாலும் தணிகாசலம் அடித்திருப்பார். இப்போது ரஹ்மத்தைக் கூப்பிட்டு ஒரு டீ போடச் சொன்னார். அவள் வழக்கம்போல இரண்டு போட்டு, ஒன்றை அவர் கையிலும் ஒன்றைக் கட்டைச்சுவர் மேலும் வைத்தாள். இரண்டிலும் ஆவி எழுந்தது. தம்முடையதை மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார், அடுத்ததை ஆறவிட்டார். பாப்பா சின்ன வயதிலிருந்தே ஆறவைத்துத்தான் குடிப்பாள்.

இரண்டு பேர் கைகொடுக்க, கட்டைச்சுவர்மேல் ஏறி நின்றார். மைதானம் அடங்கியது. சங்க வழக்கப்படி முதலில் கேட்டார்:

"வாசிக்கிறேன். கேக்கிறது யாரு?"

"நாங்க!"

"சாட்சி யாரு?"

"நாங்க!"

"அதிகாரி தம்பி, நீயும் சாட்சி. படிச்ச புள்ள. தொலைஞ்ச எழுத்தை மிச்ச எழுத்த வெச்சு மீட்கிற கணக்கு தெரியுமா உனக்கு?"

நவீன் பேனாவோடு நிமிர்ந்தான். "தெரியும் ஐயா. காலேஜ்ல படிச்சிருக்கேன்." அந்தத் தேற்றத்தின் பேரைச் சொல்ல வாயெடுத்தான். முன்வரிசைக்காரர்கள் முறைத்த முறையில் பேரை விழுங்கிக்கொண்டான்.

"அது இவ போட்டது. எழுதிக்க."

தணிகாசலம் வரிசை தவறாமல் சொன்னார். மலையிலிருந்து தொடங்கினார். ரயில், வில்லை, வரதப்பன், கணக்கு, ஆஸ்பத்திரிப் படுக்கை. ஊருக்கு மனப்பாடமான வரிசைதான், ஆனால் இந்த முறை அங்கே நிறுத்தவில்லை. அடுப்புக்கரியில் போட்ட வட்டத்தைச் சொன்னார். முதல் நிரூபணத்தை, இரண்டாவதை, மூன்றாவதைச் சொன்னார். முடிக்காத நான்காவதையும் சொன்னார். மீட்டது எப்போது மறுபடி தொலைகிறது என்கிற கணக்கு, அதைக் கண்டுபிடிக்க இனி ஒருத்தி வருவாள் என்றார். விதவைகளிடம், "இத்தினி நாளு உங்க ஆம்பளைங்க இடத்துல எந்தங்கச்சி உக்காந்திருந்தா. பதிலின்னு நெனச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். மடியில் வைத்த பூவை ஒருத்தி எடுத்துக் கட்டைச்சுவர்மேல் ஆறிப்போன கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொருத்தி வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள்.

பிறகு அவர் கண்ணை மூடாமல், மைதானத்தை ஒருமுறை கடைசியாக எண்ணினார். வரிசை வரிசையாக, அவசரப்படாமல், ஒவ்வொரு தலையாக. ஒன்று கூடுதலாகத்தான் இருந்தது. அந்த ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றார். பதில் சொல்ல ஊர் மொத்தமும் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"பொன்மேடு, மேல் லைன், கடைசி வீடு" என்று வாசித்தார். "கணக்கு மேதை. வரதப்பன் மகள், தணிகாசலம் தங்கச்சி, விசாகை."